பனி தள்ளும் பிளேடும் செல்வராசுவின் ஜாக்கெட்டும்

மரப்பெட்டியின் கடைசிப் பலகையைச் செல்வராசுதான் கடப்பாரை போட்டு நெம்பினான். உள்ளே மஞ்சள் பெயின்ட் அடித்த, வளைந்த இரும்புத் தகடு ஒன்று கிடந்தது. ஆள் நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகம் இருக்கும். கீழ் விளிம்பில் கறுப்பு ரப்பர் பட்டை, முதுகுப் பக்கம் தடித்த ஸ்பிரிங் இரண்டு.

ஆகஸ்ட் மாதம். தோஹாவில் எல்லோரும் சனையா என்று சொல்லும் தொழிற்பேட்டையில் எங்கள் ஒர்க்‌ஷாப் முற்றம். தகட்டைத் தொட்டுப் பார்த்த ஃபோர்மேன் பஷீர்க்கா கையை உதறிக்கொண்டார். நிழலில் இருந்த பெட்டிக்குள்ளேயே அது அப்படிக் கொதித்தது.

"மண்ணு தள்ளுற பிளேடா பஷீர்க்கா?" என்றேன்.

"மண்ணல்லடா. ஐஸு. ஐஸு தள்ளுற சாதனம்."

நானும் செல்வராசுவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரித்தோம். பஷீர்க்கா மலப்புரத்துக்காரர். பத்து வார்த்தை பேசினால் நாலு வார்த்தை கிண்டலாக இருக்கும். இதுவும் அந்த வகை என்று நினைத்தோம். நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கி எரிகிற இடத்தில் நின்றுகொண்டு ஒருவர் ஐஸ் தள்ளுவதைப் பற்றிப் பேசினால் வேறு என்ன நினைப்பது?

ஆனால் அவர் சிரிக்கவில்லை. நகரத்துக்குள் ஒரு மாலில், ஜனங்கள் பணம் கொடுத்து உள்ளே போய்ப் பனியில் சறுக்கி விளையாட ஒரு கூடம் திறக்கப் போகிறார்களாம். அதைப் பராமரிக்கும் வேலை எங்கள் கம்பெனிக்கு வந்திருக்கிறதாம். ராத்திரி மெஷின் பனியைக் கொட்டும். காலையில் அது மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். கூடம் திறப்பதற்கு முன் அதைத் தள்ளிச் சமப்படுத்த வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் சும்மா நின்ற சின்ன டிராக்டரின் முன்பக்க லோடரில், பக்கெட்டைக் கழற்றிவிட்டு இந்த பிளேடை மாட்ட வேண்டும்.

"மாட்டுறது நீங்க ரெண்டு பேரு. ஓட்டுறது ஒராள்" என்றார் பஷீர்க்கா.

சிரிப்பு அந்த நிமிஷமே நின்றுவிட்டது. நான் செல்வராசுவைப் பார்த்தேன். அவன் டிராக்டரின் ஸீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜன்னல் ஓரத்துக்காரன்

தோஹா லேபர் கேம்ப் சாப்பாட்டைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு, கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் போன் செய்தார். "நீங்க எழுதுறதுல செல்வராசுன்னு ஒருத்தர் அடிக்கடி வர்றாரே, உங்க நெருங்கின சிநேகிதரா?" என்று கேட்டார். என்ன சொல்வது என்று தெரியாமல் "ஆமாம்" என்று சொல்லிவைத்தேன். இந்த வாரம் அதற்குச் சரியான பதிலை எழுதிவிடுகிறேன்.

நானும் அவனும் மன்னார்குடிக்குத் தெற்கே அடுத்தடுத்த ஊர். இரண்டு பேரும் அடுத்தவர் டிராக்டரை ஓட்டிப் பிழைத்தவர்கள். ஒரே ஏஜென்ட், ஒரே விமானம். அதில் ஜன்னல் ஸீட் அவனுக்கு. கேம்பில் ஒரே ரூம். ஏசி காற்று நேராக விழும் கட்டில் அவனுக்கு, கதவு திறக்கும்போதெல்லாம் அனல் வந்து முகத்தில் அறையும் கட்டில் எனக்கு. இதையெல்லாம் அவன் தட்டிப் பறிக்கவில்லை. எப்படியோ அவனுக்கு அமைந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பறித்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

ஆமாம், பொறாமைதான். மூடி மறைத்து எழுத இந்த வயதில் அவசியமில்லை. கோடீஸ்வரனைப் பார்த்து எனக்கு ஒரு நாளும் பொறாமை வந்ததில்லை. எங்கள் கஃபீலின், அதாவது விசா கொடுத்த அரபி முதலாளியின் மாளிகைக்குத் தண்ணீர் மோட்டார் மாட்டப் போனபோது, அங்கே வரிசையாக நின்ற கார்களைப் பார்த்துவிட்டுச் சும்மா திரும்பி வந்தேன். என்னைப் போலவே லுங்கி கட்டிக்கொண்டு, என் பக்கத்தில் படுத்துக் குறட்டை விடுகிறவனுக்கு ஒரு தலையணை கூடுதலாகக் கிடைத்தால்தான் வயிறு எரிந்தது.

எங்கள் விசாவில் இரண்டு பேருக்கும் ஹெல்பர் என்று போட்டிருந்தது. இந்த டிராக்டரை ஓட்டுகிறவன் ஆபரேட்டர் ஆவான். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. விளையாட்டுப் போட்டிக்காக ஊரையே தோண்டிப் போட்டிருந்த காலம் அது. மற்ற எல்லோரும் தார் உருகும் ரோட்டில் நிற்கும்போது, அவன் ஒருவன் மட்டும் குளிரில் உட்கார்ந்து வேலை செய்வான். கோடைகாலத்து தோஹாவில் ஒரு தொழிலாளிக்கு அதற்கு மேல் என்ன பதவி வேண்டும்?

நாலு காது

பிளேடு எங்கள் லோடருக்காகச் செய்ததல்ல. லோடரின் இரண்டு கைகளின் நுனியில் பக்கெட்டைப் பிடித்திருந்த பின்களை அடித்துக் கழற்றி, பிளேடைக் கொண்டுபோய் நிறுத்தினோம். பிளேடின் முதுகில் இருந்த துளைகள் ஒரு பக்கம், லோடரின் துளைகள் ஒரு பக்கம். சம்பந்தமே இல்லை.

"நடுவுல ஒரு தகடு குடுத்து, அதுல காது வச்சுடலாம் மாப்ள" என்றான் செல்வராசு.

காது என்றால் பின் நுழைவதற்கான துளை போட்ட இரும்புத் துண்டு. நாலு காது வேண்டும். கீழே இரண்டு, லோடரின் கைகளுக்கு. மேலே இரண்டு, பிளேடை முன்னும் பின்னும் சாய்க்கும் ஹைட்ராலிக் தண்டுகளுக்கு. தடித்த தகடு ஒன்றை வெட்டி எடுத்தேன். காதுகளுக்குள் போடும் புஷ் என்கிற இரும்பு வளையங்களைப் பக்கத்து லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கிவந்தோம்.

நாலு காதும் ஒரே நேரில் இருக்க வேண்டும். ஒன்று நூலளவு விலகினாலும் பின் நுழையாது. காதுகளுக்குள் பின்னைப் போட்டபடியே பொட்டுப் பொட்டாக வெல்டிங் வைத்தேன். ஒரே இடத்தில் சூடு ஏற்றினால் இரும்பு முறுக்கிக்கொள்ளும் என்பதால் இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி ஓட்டினேன். வெளியே வெயில், ஹெல்மெட்டுக்குள் என் மூச்சு. முகவாயிலிருந்து வியர்வை சட்டைக்குள் ஒழுகிக்கொண்டே இருந்தது.

செல்வராசு மூலைமட்டத்தைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தான். "இடது பக்கம் ஒரு நூல் மாப்ள... ஆங், நிறுத்து." அவன் கண் துல்லியம். அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நெருப்புக்குப் பக்கத்தில் இருந்தது நான்.

பிளேடைப் பக்கவாட்டில் திருப்ப இன்னொரு ஹைட்ராலிக் லைன் தேவை. எங்கள் டிராக்டரில் அது இல்லை. வரிசையாகத் துளை போட்ட ஒரு பட்டை செய்து, வேண்டிய கோணத்தில் கையால் பின்னைக் குத்தும்படி மாற்றினேன். இது முழுக்க முழுக்க என் யோசனை. இதுவரை இதை யாரும் எங்கும் சொன்னதில்லை என்பதால் நானே சொல்கிறேன்.

மறுநாள் மதியம் சாப்பாட்டுக்கு முன் டிராக்டரை மெல்ல முன்னே நகர்த்தி, லோடரின் கைகளைக் காதுகளுக்கு நடுவில் இறக்கினோம். முதல் பின் கிளிக் என்று உட்கார்ந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. நாலாவதுக்கு மட்டும் சுத்தியலால் ஒரு தட்டு. எனக்கு ஆடத் தோன்றியது. செல்வராசு என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்து, "வேலைன்னா இதுடா" என்றான். மனசுக்கு நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு.

என் வாயில் இருந்த சொல்

சாயங்காலம் முஹந்திஸ் வந்தார். அரபியில் எஞ்சினியருக்கு அந்தப் பெயர்தான். எகிப்துக்காரர். சொந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நான் அப்போது லோடரின் கைகளுக்கு அடியில் மல்லாந்து படுத்து, காதுகளுக்கு கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தேன். எழுந்து பார்த்தால் செல்வராசு முகம் கழுவி, தலை வாரி, டிராக்டர் ஸீட்டில் உட்கார்ந்திருக்கிறான். எப்போது கழுவினான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"யல்லா, தூக்கு" என்றார் முஹந்திஸ்.

செல்வராசு லீவரை இழுத்தான். பிளேடு மேலே போனது. கூடவே டிராக்டரின் பின்சக்கரங்களும் தரையை விட்டு லேசாக எழும்பின. முன்னால் பாரம், பின்னால் ஒன்றுமில்லை. பனியில் இப்படிப் போனால் சக்கரம் சும்மா சுற்றும். முஹந்திஸின் முகம் சுருங்கியது.

இதற்கு மருந்து எங்கள் ஊரில் எந்த டிராக்டர்க்காரனைக் கேட்டாலும் சொல்லுவான். சேற்று வயலில் வழுக்கினால் பின்டயருக்குள் தண்ணீர் ஏற்றுவோம். வால்வு மேலே வரும்படி சக்கரத்தை நிறுத்தி, உள்ளே இருக்கும் ஊசியைக் கழற்றிவிட்டு, ஹோஸைச் சொருக வேண்டும். டயர் முக்கால்வாசி நிறைந்ததும் மிச்சத்துக்குக் காற்று. அப்புறம் டிராக்டர் அசையாமல் மண்ணைக் கவ்வும். நான் ஓட்டிய டிராக்டரின் முதலாளி, காற்றைவிடத் தண்ணீருக்குத்தான் நம்பிக்கை அதிகம் வைத்திருந்தார்.

கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே முஹந்திஸ் பக்கம் திரும்பினேன். வாயைத் திறந்துவிட்டேன். "த" என்ற எழுத்து உதட்டுக்கு வந்துவிட்டது.

"சாப், டயர் மே பானி டாலேகா. மாஃபி முஷ்கில்" என்றது ஸீட்டிலிருந்து ஒரு குரல். டயரில் தண்ணீர் ஊற்றிவிடலாம், ஒரு பிரச்சினையும் இல்லை என்று.

முஹந்திஸ் ஒரு விநாடி யோசித்தார். பிறகு அவர் முகம் விரிந்தது. "ஷாபாஷ்!" என்றார். அவனைக் காட்டிப் பஷீர்க்காவிடம், "ஆபரேட்டர்" என்றார். கலாஸ், முடிந்துவிட்டது.

ஹெல்மெட்டுக்குள் வெந்தவன் நான். கிரீஸில் படுத்தவன் நான். அந்த யோசனையும் என் வாய்க்குள்தான் இருந்தது. அவன் ஒரு மூச்சு முந்திக்கொண்டான், அவ்வளவுதான்.

சரி, டயருக்குத் தண்ணீர் ஊற்றியது யார்? நான்தான். ஆபரேட்டருக்கு அந்த நேரத்தில் வேறு வேலை இருந்தது. யூனிபார்ம் கடைக்காரர் டேப்போடு வந்து குளிர் ஜாக்கெட்டுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். தோள், மார்பு, கை நீளம். செல்வராசு மாப்பிள்ளை மாதிரி கைகளை விரித்துக்கொண்டு நின்றான். நான் ஹோஸைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தேன். ஒரு டயரில் தண்ணீர் பொங்கி வால்வு வழியாக என் முகத்தில் அடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டில் ஒரு ஜலதோஷம்

பனிக்கூடம் திறந்தது. செல்வராசு விடியற்காலையில் போய், டிராக்டர் புகையை வெளியே இழுக்கும் பெரிய விசிறியை ஓடவிட்டு, பனியைத் தள்ளிச் சமப்படுத்துவான். மற்ற நேரம் சறுக்குப் பலகைகளை அடுக்குவது, ரப்பர் பாயை விரிப்பது. நான் ஒர்க்‌ஷாப்பிலும், ஆள் குறைந்தால் ரோடு சைட்டிலும்.

ஒரு வாரத்தில் அவனுக்கு ஜலதோஷம் பிடித்தது. அந்த ஆகஸ்டில் தோஹாவில் ஜலதோஷம் பிடித்த ஒரே லேபர் அவனாகத்தான் இருக்கும். ரூமில் உட்கார்ந்து "அச்" என்று தும்முவான். நாங்கள் எல்லோரும் வியர்க்குருவுக்குப் பவுடர் போட்டபடி அவனைப் பார்ப்போம். ஒருவருக்கும் இரக்கம் வரவில்லை. "காதெல்லாம் விறைச்சுப் போகுது மாப்ள, நீயெல்லாம் குடுத்து வச்சவன்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னான். நான் அப்போது உள்ளங்காலில் ஒட்டிய தாரை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

டூட்டி முடிந்து வந்ததும் அந்த ஜாக்கெட்டைக் கொடியில் போடுவான். நீல நிறம், உள்ளே பஞ்சு. அதன் இரண்டு பக்கமும் உப்புப் பூத்த எங்கள் சட்டைகள் தொங்கும். சட்டை எடுக்கப் போகும்போதெல்லாம் என் கை அந்த ஜாக்கெட்டின் மேல் பட்டுவிடும். அதிலிருந்து ஃபிரிட்ஜைத் திறந்தால் வருமே, அந்த வாசனை வரும்.

வெள்ளிக்கிழமை லீவில் நகரத்துக்குள் நஜ்மா பகுதிக்குப் போவோம். வழக்கமாகச் சாப்பிடும் தமிழ் மெஸ்ஸில் அவனைச் சுற்றிக் கூட்டம். பனி எப்படி இருக்கும், உப்பு மாதிரியா, மாவு மாதிரியா? தின்னலாமா? காலை வைத்தால் உள்ளே போகுமா? அவன் சாம்பாரைப் பிசைந்துகொண்டே விளக்குவான். எனக்குப் பரோட்டா இறங்காது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். போட்டோதான் என்னைக் கவிழ்த்தது.

பனிக்கூடத்தில் வருகிறவர்களைப் படம் எடுத்துக் கொடுக்க ரவி என்று ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் இருந்தார். அவர் செல்வராசுவைப் பனியில் நிறுத்தி ஒரு படம் எடுத்துக் கொடுத்தார். நீல ஜாக்கெட், பின்னால் வெள்ளை வெளேரென்று மலை. அது மலையல்ல, சுவருக்கு முன்னால் குவித்த பனி. லீவில் போன ஒருவர் மூலம் அந்தப் படம் ஊருக்குப் போய்விட்டது.

அடுத்த வாரம் போன் கார்டு போட்டு வீட்டுக்குப் பேசினேன். என் மனைவி வசந்தா எடுத்த எடுப்பில் கேட்டாள்.

"செல்வராசு அண்ணன் ஃபாரின் போயிருக்காங்களா?"

"நான் எங்கடி இருக்கேன்? இது ஃபாரின் இல்லையா?"

"அது இல்லங்க, பனி பெய்யிற ஃபாரின். மலர் போட்டோவை எடுத்துக்கிட்டுத் தெருவெல்லாம் காட்டுது. லண்டன் மாதிரி இருக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க எப்பங்க அங்க போவீங்க?"

மலர், செல்வராசுவின் மனைவி. கார்டில் இன்னும் நிமிஷம் மிச்சம் இருந்தது. ஆனால் நான் போனை வைத்துவிட்டேன்.

டிராக்டர் குதிக்கிறது

டிராக்டரை முதலில் மாலின் பின்பக்க முற்றத்தில், வெயிலில்தான் நிறுத்திவைத்தார்கள். காலையில் உள்ளே ஓட்டிப் போனால் சூடான டயர் பட்ட இடமெல்லாம் பனி உருகிச் சேறாகியது. முஹந்திஸ் அதைப் பார்த்துவிட்டு, இனிமேல் டிராக்டர் உள்ளேயே நிற்கட்டும் என்று சொல்லிவிட்டார். செல்வராசு ஒரு மூலையில் பார்க் பண்ணினான்.

தண்ணீர் உறையும் என்று எங்களுக்குத் தெரியாதா? ஐஸ் பெட்டியிலிருந்து மீன் வாங்கித் தின்றவர்கள்தான். ஆனால் டயருக்குள் ஊற்றிய தண்ணீரும் உறையும் என்று நினைத்துப் பார்க்க எங்கள் ஊரில் யாருக்கும் தேவை வந்ததில்லை. எங்கள் பக்கம் டயருக்குள் போன தண்ணீர் தண்ணீராகவேதான் இருக்கும். நைல் நதிக்கரையில் பிறந்த முஹந்திஸுக்கும் அதே கதைதான்.

ஓரிரு நாள் கழித்து ஒரு காலையில் பஷீர்க்கா போனை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"எடா நடேசா, செல்வராசுவோட டிராக்டர் குதிக்குதாம். குதிரை மாதிரி குதிக்குதாம். நீ போய் ஒண்ணு பாரு."

டூல் பெட்டியை பிக்கப்பில் வைத்து ஏறினேன். மால் வரும்வரை வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போனேன். சந்தோஷமாக இருந்தது. வேறு எப்படி அதைச் சொல்ல?

முதன்முதலாகப் பனிக்கூடத்துக்குள் நுழைந்தேன். மூக்கின் உள்பக்கம் சுருக்கென்றது. எண்ணெய் படிந்த ஓவரால் ஒன்றுதான் என் மேல் இருந்தது. வியர்வையில் நனைந்திருந்த அது உடனே முதுகில் தகரமாக ஒட்டிக்கொண்டது. நடுக்கூடத்தில் டிராக்டர் கோணலாக நின்றது. குழந்தைகள் சறுக்கும் பாதையின் ஓரப் பலகை ஒன்று பிளேடு இடித்து உடைந்து கிடந்தது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மூக்கை அழுத்தி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செல்வராசு ஓரமாக நின்றான். அவன் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை.

"நகத்துனா தொம் தொம்முனு தூக்கிப் போடுது மாப்ள" என்றான்.

பின்டயரைச் சுத்தியலால் தட்டினேன். கருங்கல்லைத் தட்டினால் வரும் சத்தம் வந்தது. சத்தத்தை வைத்தே மட்டம் பார்த்துவிடலாம். முக்கால்வாசி வரை கல், அதற்கு மேல் காற்று. ஒரு பக்கம் கனமும் ஒரு பக்கம் வெறுமையுமாக இருந்தால் சக்கரம் எப்படி உருளும்? நான் நிமிர்ந்தேன். அவன் கண்ணைப் பார்த்தேன். அவனுக்கும் புரிந்துவிட்டது.

அப்போது முஹந்திஸ் வந்தார். உடைந்த பலகையைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். நான் டயரைத் தொட்டு, "பானி, ஐஸ்" என்றேன். அவர் முகம் சிவந்தது.

"கோன்? யார் தண்ணி ஊத்தினது?"

மறுபடியும் ஒரு மூச்சு

கேள்வியைக் கவனியுங்கள். சொன்னது யார் என்று அவர் கேட்கவில்லை. ஷாபாஷ் போட்டது அவருக்கு மறந்துபோயிருந்தது, அல்லது மறக்க விரும்பினார். ஊற்றியது யார் என்று கேட்டார். ஊற்றியது நான். சொன்னது செல்வராசு. எப்படிப் பதில் சொன்னாலும் ஒருவன் மாட்டுவான். சொல்கிறவன் கெட்டிக்காரனாக இருந்தால் மாட்டுவது யார் என்றுகூட முடிவு செய்யலாம்.

நான் வாயைத் திறந்தேன். குளிரில் பல் அடித்துக்கொண்டது. நாக்கு நுனி வரை ஏதோ ஒரு சொல் வந்தது.

"மேரா காம், சாப். நடேசன் கோ மாலூம் நஹி" என்றான் செல்வராசு. எல்லாம் என் வேலை, நடேசனுக்கு ஒன்றும் தெரியாது என்று.

முஹந்திஸ் கையை வீசினார். "கலாஸ்." செல்வராசு நாளையிலிருந்து பாலைவனத்தில் துக்கான் பக்கம் ரோடு சைட்டுக்கு. டிராக்டரை இனி இவன் ஓட்டட்டும் என்று என்னைக் காட்டிவிட்டுப் போனார்.

நான் திறந்த வாயை மூடவில்லை. "அவன்தான்" என்று சொல்லியிருப்பேனா, "நான்தான்" என்று சொல்லியிருப்பேனா? இத்தனை வருடம் கழித்து யோசித்தாலும் தெரியவில்லை. நான் எப்படிப்பட்ட ஆள் என்று எனக்குத் தெரியவர ஒரே ஒரு சந்தர்ப்பம் வந்தது. அதிலும் அவன் ஒரு மூச்சு முந்திக்கொண்டான்.

"ஏன்டா அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன். என் குரலில் கோபம்தான் இருந்தது.

"பின்ன? ரெண்டு பேரும் போறதுக்கு ஒருத்தன் போனா போதாதா?" என்றவன் ஜாக்கெட்டின் ஜிப்பை இறக்கினான். "இந்தா, போட்டுக்க. நடுங்குற."

போட்டுக்கொண்டேன். அவன் உடம்புச் சூடு உள்ளே அப்படியே இருந்தது. ஜாக்கெட்டின் கை மட்டும் மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. எனக்குக் கை நீளம்.

இரண்டு பேருமாகப் பலகை போட்டு, செயின் பிளாக் என்கிற சங்கிலிக் கப்பியை மாட்டி டிராக்டரை வெளியே இழுத்தோம். பின்பக்க முற்றத்தில் வெயிலில் நிறுத்தி வால்வைக் கழற்றிவிட்டோம். மதியத்துக்குள் ஐஸ் உருகி, நான் ஊற்றிய தண்ணீர் சிமென்ட் தரையில் ஓடிக் காய்ந்துபோனது. டிராக்டரின் பின்பக்கம் ஒரு இரும்புப் பெட்டி செய்து தொங்கவிட்டு, அதில் ஸ்கிராப் இரும்பை நிரப்பினேன். அதற்குப் பிறகு பின்சக்கரம் எழும்பவே இல்லை. அதைப் பார்த்து ஷாபாஷ் சொல்ல யாரும் வரவில்லை.

போட்டோவில் நான்

ஆக, ஸீட் எனக்கு வந்தது. விரும்பியதெல்லாம் கிடைத்தது. விசாவில் ஆபரேட்டர் என்று மாறியது. ஜலதோஷம்கூடப் பிடித்தது.

ஆனால் வெள்ளிக்கிழமை நஜ்மா மெஸ்ஸுக்குப் போனால் எல்லோரும் நகர்ந்து இடம் கொடுப்பது செல்வராசுவுக்கு. துக்கான் வெயிலில் அவன் கறுத்து, உதடு வெடித்துப்போயிருந்தான். பனிக்கூடத்தில் நடந்தது எப்படியோ மெஸ் வரை பரவியிருந்தது. "கூட இருக்கிறவனைக் காட்டிக்குடுக்காத ஆளுய்யா" என்று ஒருவர் அவன் இலையில் மீனை எடுத்து வைப்பார். பனி எப்படி இருக்கும் என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. அதை அவன் ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தான். குளிரில் உட்கார்ந்திருக்கிற நான், வெயிலில் நிற்கிறவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இதை அன்று யாரிடம் சொல்லியிருந்தாலும் எனக்குக் கிறுக்கு என்றிருப்பார்கள்.

ரவியிடம் சொல்லி ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

"தம்பி, கொஞ்சம் சிரியுங்கோ. ஏன் முகத்தை இப்பிடி வச்சிருக்கிறியள்? செல்வராசு அண்ணை நிண்ட அதே இடம்தானே?"

"வேற இடத்துல எடுங்க" என்றேன்.

"வேற இடம் இல்லை தம்பி. இது ஒண்டுதான் மலை மாதிரித் தெரியும்."

அங்கேயே நின்றேன். படம் ஊருக்குப் போனது. போய்ச் சேர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டு வசந்தாவுக்குப் போன் செய்தேன். மலர் எங்கள் வீட்டுக்கு வந்து போனதைத்தான் அவள் முதலில் சொன்னாள்.

"செல்வராசு அண்ணனுக்குக் குளிர் ஒத்துக்கலையாமே. நம்ம நடேசன் பார்க்கட்டும்னு அந்த வேலையை உங்களுக்கு விட்டுக் குடுத்துட்டாங்களாம். மலர் சொல்லுச்சு. எவ்வளவு பெரிய மனசுங்க!"

எனக்குத் தொண்டை வரை வந்தது. அவன் ஒன்றும் விட்டுக் கொடுக்கவில்லை, அவனைத் துரத்தினார்கள் என்று சொல்லலாம். ஏன் துரத்தினார்கள் என்று கேட்பாள். தண்ணீர் ஊற்றியது யார் என்று வரும். பழியை யார் ஏற்றுக்கொண்டது என்று வரும். உண்மையைச் சொன்னால் செல்வராசு இன்னும் பெரிய ஆளாகிவிடுவான். சொல்லாவிட்டால் நான் அவன் கொடுத்த வேலையில் உட்கார்ந்திருக்கிறவன். எந்தப் பக்கம் போனாலும் அங்கே அவனே நின்றான்.

பேச்சை மாற்றினேன்.

"அத விடு. என் போட்டோ வந்துச்சா? எப்படி இருக்கு?"

"வந்துச்சுங்க. நல்லாத்தான் இருக்கு." கொஞ்சம் தயங்கினாள். "அந்தக் கோட்டுதான் கை எட்டல. அதே கோட்டு செல்வராசு அண்ணனுக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருந்துச்சு."